காந்தும் பாதங்கள்

(பீளமேட்டில் பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், உயிரைக் குடிக்கும் மகா வியாதிகளுள் ஒன்றன்று. மரணக் கணக்கு எழுதுகிறவர்களின் ஏட்டில் அதற்கு ஓர் இடமும் கிடையாது. ஆயினும், பகலெல்லாம் உழைத்துக் களைத்த மனிதன் கண்ணயர வேண்டிய வேளையில் அவனை எழுப்பி உட்காரவைத்து, ஊரே உறங்கும்போது அவனை மட்டும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கவிட்டு, மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், வாழ்க்கையின் சுவையையே உறிஞ்சிவிடும் உபாதை அது. உள்ளங்கால் எரிச்சல் என்று சொல்கிறோம். நம் பக்கத்தில் 'கால் காந்துது' என்பார்கள். இந்த வட்டாரத்தில் நெடுநாள் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில், மருத்துவமனை வரிசையில் நின்று கேட்க உங்களுக்கு நேரமில்லாத சில செய்திகளை நிதானமாகச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான தேகம், வெற்றிலை, புகையிலை, மது ஒன்றும் அறியாதவர். மனைவியோடு வந்து உட்கார்ந்தவர், நான் கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கினார். "ஏனுங்க டாக்டர், படுத்தாப் போதுமுங்க, உள்ளங்காலு ரெண்டும் காந்த ஆரம்பிச்சிருதுங்க. மொளகாப்பொடிய அப்பி வெச்சாப்புல இருக்குதுங்க. போர்வ மேல பட்டாக்கூடத் தாங்கறதில்லீங்க." அந்த அம்மாள் இடைமறித்தார்: "ராத்திரி ரெண்டு மணிக்குத் தொட்டித் தண்ணிக்குள்ள கால விட்டுட்டு உக்காந்துக்கறாருங்க. கேட்டா, நீ போய்ப் படுங்கறாரு." பாதங்களை ஏந்திப் பார்த்தேன். வீக்கமில்லை, சிவப்பில்லை, புண்ணில்லை. கணுக்காலின் உட்புறத்தில் விரலை வைத்தால் நாடி நன்றாகத் துள்ளிற்று. தொட்டித் தண்ணீரில் ஊறியதால் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, அவ்வளவே. கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். எக்ஸ்ரே, இரத்தக் குழாய் ஸ்கேன், நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, எல்லாவற்றின் கீழும் 'நார்மல்' என்றே இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "எல்லாம் நார்மலுன்னுட்டாங்க. அப்ப எனக்கு எரியறது பொய்யுங்களா?"

இந்தப் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு நான் சொல்லும் விடையே. இல்லை, பொய்யன்று. காரணம் புலப்படாத வேதனையும் வேதனையே. அதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்த நோயின் சரித்திரமே அதற்குச் சாட்சி. அந்தச் சரித்திரத்தின் பல பக்கங்கள் நமக்கு மிக அருகில், வடக்கே தெரியும் நீலகிரியிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

பழைய ஆயுர்வேத சாஸ்திரங்களில் 'பாததாஹம்' என்று ஒரு நோய் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வாயுவானது பித்தத்தோடும் இரத்தத்தோடும் கூடிப் பாதங்களில் எரிவை உண்டாக்குவது அது என்றும், கால் மரத்துச் சிலிர்ப்பது 'பாதஹர்ஷம்' என்னும் வேறொன்று என்றும் அவற்றை இயற்றியவர்கள் பிரித்து வைத்தார்கள். அவர்கள் கூறிய காரணத்தை ஏற்பதும் விடுவதும் வேறு விஷயம். எரியும் காலையும் மரத்த காலையும் வேறுவேறாகக் கண்டு, நோயாளி சொன்னதை அப்படியே பதிந்து வைத்தார்களே, அந்தக் கூர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். இந்த வேறுபாட்டின் அருமையைச் சற்றுப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

மேலை மருத்துவ நூல்களில் இந்த உபாதை 1826-ஆம் ஆண்டு இடம்பெற்றது. முதலாம் பர்மா யுத்தத்துக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களின் பாதங்களில் தோன்றிய பொறுக்கவொண்ணாத எரிச்சலைக் கிரியர்சன் என்னும் இராணுவ மருத்துவர் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த மருத்துவ சங்கத்தின் ஏட்டில் எழுதினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835-இல், பெரிபெரி நோயை ஆராய்ந்து சென்னையில் நூல் எழுதிய மால்கம்சன் என்னும் மருத்துவரும் பாதம் எரியும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வைட்டமின் என்ற பொருளை உலகம் அறியாத காலம் அது. நரம்பின் நுண்ணமைப்பைக் காட்டும் கருவியும் இல்லை. சிப்பாய் 'எரிகிறது' என்றான். மருத்துவர் அதை நம்பி எழுதி வைத்தார். கிரியர்சனுக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியவில்லை என்பதற்காக அவர் அந்தச் சிப்பாயைப் பாசாங்குக்காரன் என்று துரத்தியிருந்தால், அடுத்த நூற்றாண்டில் வந்தவர்களுக்குத் தொடங்குவதற்கு ஓர் இடம் இருந்திராது.

அந்த அடுத்த நூற்றாண்டில் வந்தவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, போஷாக்குக் குறைவினால் வரும் நோய்களை ஆராயப் புகுந்த இளம் மருத்துவராக, இந்தியன் மெடிக்கல் கெஜட் என்னும் சஞ்சிகையில் 1946-ஆம் ஆண்டு எரியும் பாத நோயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏழை மக்களிடையே கண்ட அந்நோயாளிகளுக்குத் தையமின், ரிபோஃபிளேவின், நிகோடினிக் அமிலம் ஆகிய வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்துப் பயன் காணாமல், கால்சியம் பான்டோதெனேட் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தியபோது எரிச்சல் தணிந்ததைக் கண்டார். இன்றும் மருத்துவ நூல்களில் இந்நோய் கிரியர்சன்–கோபாலன் என்ற இரு பெயர்களையும் சேர்த்தே வழங்கப்படுகிறது. நூறாண்டு கடந்து வாழ்ந்து 2019-இல் மறைந்த அப்பெரியார், தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கி, லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகும் பெருமையையும் பெற்றார். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் படித்திருக்க வேண்டும். படித்ததில்லை என்பது எனக்கு வருத்தமே.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்றேனே, அதன் தாய்வீடு எது தெரியுமா? குன்னூர். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரியை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிறு முயற்சிதான், நாற்பதாண்டுக் காலம் அம்மலையிலேயே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்னொரு விசேஷமும் உண்டு. கோபாலன் செலுத்திய மருந்துக்கு மூலமான பான்டோதெனிக் அமிலம் என்னும் வைட்டமினை 1933-இல் கண்டுபிடித்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் பிறந்த ஊர் உதகமண்டலம். பாதிரியார் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தமையனார், தையமினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நெல்லூரில் பிறந்தவர். நம் மலைமேல் பிறந்த ஒருவர் கண்டறிந்த பொருளைக் கொண்டு, சேலத்தில் பிறந்த ஒருவர் நம் ஏழை மக்களின் பாதங்களைக் குளிர்வித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியர் வசம் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகளிடையேயும் இந்நோய் கொத்துக்கொத்தாகத் தோன்றிற்று. தீட்டிய அரிசிக் கஞ்சியே உணவு. இரவு முழுதும் அவர்கள் சிறைக் கொட்டகையில் காலை உதறிக்கொண்டு நடந்ததையும், வாளித் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும் உடன் சிறையிருந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளியும் வேறென்ன செய்தார்? பிறகு 1950-களில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், முன்வந்த சிலருக்குப் பான்டோதெனிக் அமிலம் இல்லாத உணவையும் அதன் செயலைத் தடுக்கும் பொருளையும் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுள்ளும் கால் மரப்பும் எரிச்சலும் தோன்றின. கோபாலன் சொன்னதற்கு அது வலுச் சேர்த்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் மருந்துக் கடைக்குப் போய்ப் பான்டோதெனேட் மாத்திரை கேட்காதீர்கள். அந்த அமிலம் முட்டை, ஈரல், பருப்பு, காளான், தீட்டாத தானியம் எனப் பெரும்பாலான உணவுகளில் உள்ளது. பஞ்ச காலத்திலும் சிறைக் கொட்டகையிலும் அல்லாது அதற்கு உண்மையான குறைவு வருவது மிக அரிது. இன்று பீளமேட்டில் பாதம் எரிகிறவர்களுக்கு அது காரணமன்று. வைட்டமின் மாத்திரை எவ்வளவு விழுங்கினாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணமும் தவறானது. பிரிடாக்ஸின் என்னும் பி-6 மிகுந்த அளவில் நெடுநாள் உட்சென்றால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால் மரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும் என்பது 1983-இலேயே நிரூபணமாயிற்று. எரிச்சலுக்காகத் தின்ற மாத்திரையே எரிச்சலை வளர்க்கும் விபரீதத்தை நான் கண்டிருக்கிறேன்.

சரி, ஏன் பாதம்? உடம்பில் இத்தனை இடங்கள் இருக்க, இரண்டு உள்ளங்கால்களிலும் ஒரே சமயத்தில் ஏன் தொடங்கவேண்டும்? கால் விரலின் நுனியில் முடியும் உணர்ச்சி நரம்பின் உயிரணு, கால் விரலில் இல்லை; இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குத் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய ஓர் இழை கீழே இறங்குகிறது. அந்த இழையின் நுனிக்கு வேண்டிய சத்துப் பொருள்களெல்லாம் மேலேயுள்ள அணுவில் உண்டாகி, இழைக்குள்ளேயே பயணம் செய்து கீழே வந்து சேரவேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் முதலில் வாடுவது காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடைதானே; உடம்புக்குப் பாதமே கடைமடை. சர்க்கரை மிகுந்தாலும், ஒரு வைட்டமின் குறைந்தாலும், ஒரு நஞ்சு புகுந்தாலும், முதல் கூக்குரல் கால் விரல் நுனியிலிருந்தே எழும். எரிச்சல் மெல்ல மெல்ல ஏறி, காலுறை போட்ட அளவுக்குப் பரவி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். கை நரம்பின் நீளம் ஏறக்குறைய அவ்வளவே ஆனதால் அதன் முறை அப்போது வருகிறது. இந்த வரிசையைக் கேட்டாலே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

இனி அந்த 'நார்மல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நரம்பு என்பது ஒரே கம்பியன்று. பருத்த இழைகளும் மெல்லிய இழைகளும் சேர்ந்த கட்டு. பருத்தவை கொழுப்புறை போர்த்தவை. தசையை இயக்குவதும், தொடுவதையும் அதிர்வதையும் உணர்வதும் அவற்றின் தொழில். வினாடிக்கு நாற்பது ஐம்பது மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டுசெல்லும். மெல்லியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறையே கிடையாது. சூடு, வலி, எரிவு ஆகியவற்றைச் சொல்லும் அவற்றின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே, நாம் நடக்கும் வேகம். மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, பருத்த இழைகளின் செய்தியை மட்டுமே பிடிக்கும். மெல்லிய இழைகள் அத்தனையும் கருகிப்போயிருந்தாலும் அக்கருவி 'நார்மல்' என்றே எழுதும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்வி வேறு. மெல்லிய இழைகளைப் பார்க்கவேண்டுமானால், கணுக்காலுக்குப் பத்துச் சென்டிமீட்டர் மேலே, மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு தோல் துணுக்கை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் இழைகளை எண்ணவேண்டும். எல்லோருக்கும் அது தேவையில்லை. எல்லா இடத்திலும் அது கிடைப்பதுமில்லை. ஆனால் அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்திருந்தால், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற வாக்கியம் நம் நாவில் வராது.

அந்தத் தொழிலாளி மிளகாய்ப்பொடி என்றாரே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காரத்தை உணர்வதும், சுடுநீரின் வெப்பத்தை உணர்வதும் நரம்பு நுனியிலுள்ள ஒரே வாயில்தான் என்பதை டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞர் 1997-இல் கண்டறிந்தார். 2021-இல் அவருக்கும் ஆர்டம் பட்டபூடியன் என்னும் மற்றோர் அறிஞருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 43 டிகிரி வெப்பத்தில் திறக்கும் அந்த வாயில் மிளகாய் பட்டாலும் திறக்கும். ஆகவேதான் காரம் 'எரிகிறது'. பழுதுற்ற நரம்பு, வெப்பமும் இன்றி மிளகாயும் இன்றித் தானாகவே அதே செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அச்செய்தியை இடைவிடாது பெறும் முதுகுத்தண்டும் மூளையும் நாளடைவில் மிகக் கூசி, போர்வையின் தீண்டலையும் தீயாகவே எடுத்துக்கொள்கின்றன. பள்ளிக்கூடமே அறியாத நம் தாய்மார்கள் 'மொளகா அரச்ச கையாட்டம் எரியுது' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது உடலியலின்படி அட்சரம் பிசகாத உண்மை. நோயாளியின் வாக்கு முன்னே நடக்கிறது. ஆராய்ச்சிக்கூடம் பின்னே வந்து சேர்கிறது.

இனிக் காரணங்களைத் தேடும் முறை. தேடவேண்டும்; ஒரு முறை ஒழுங்காக, முழுமையாகத் தேடவேண்டும். முதற் சந்தேகம் சர்க்கரை நோய்மேல் விழவேண்டும். இந்தியாவில் பத்துக்கோடிப் பேருக்கு அது இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருப்பவர்க்கும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையினால் நரம்பு கெடலாம். அடுத்தது பி-12. தாவர உணவில் அது கிடையாது. பாலும் தயிரும் ஓரளவு தரும். சைவ உணவுக்காரர்களும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்பவர்களும், நெஞ்செரிச்சலுக்கென்று தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டே பழகியவர்களும் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். தைராய்டு, சிறுநீரகம், மது ஆகியவை அப்புறம். மதுவைப் பற்றி மருத்துவர் கேட்டால், பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்று மறைக்காதீர்கள். தனியாக வந்தாவது சொல்லுங்கள். புற்றுநோய் மருந்துகள் சிலவும் நரம்பைத் தாக்கும். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட்டும் அப்படியே. அதைச் சிறிதளவு பிரிடாக்ஸினால் தடுக்கலாம் என்று 1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் நிலைநாட்டியவர்கள் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார். அதே பிரிடாக்ஸின் மிகுந்தால் நஞ்சு என்று சற்றுமுன் சொன்னேன். அளவே ஔஷதத்தை ஔஷதமாக்குகிறது. ஒரு காலில் மட்டும் எரிச்சல் என்றால் முதுகையோ கணுக்காலையோ பார்க்கவேண்டும். நாட்கணக்கில் விரைந்து ஏறும் மரப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு இவை கூடினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

தொழுநோயைத் தனியே சொல்லவேண்டும். அது ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள், ஒழியவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். இங்கே டாக்டர் பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்ப்படுத்தப் பாடுபட்ட அந்த மகான், அவர்களுடைய விரல்கள் அழிவது கிருமியினால் நேராக அன்று, வலி தெரியாமையினால் என்று நிறுவினார். ஆணி ஏறியதும் தெரியாது. நெருப்பு சுட்டதும் தெரியாது. புண் புரையோடியபின்பே தெரியும். வலி என்பது காவல் என்று அவர் வாழ்நாள் முழுதும் சொன்னார். பாததாஹத்தையும் பாதஹர்ஷத்தையும் வேறு பிரித்தவர்களின் அருமை இங்கேதான் புலப்படுகிறது. எரிகிற கால் இன்னும் விழித்திருக்கிறது. எரிச்சல் தானே தணிந்து கால் மரத்துப்போனால் சர்க்கரை நோயாளி 'குணமாயிற்று' என்று மகிழ்வதுண்டு; அவர்தான் அன்றுமுதல் செருப்பில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாதவர். தேர்த்திருவிழாவிலும் சித்திரை வெயிலில் மலைப்படியிலும் வெறுங்காலோடு நடந்து, மாலையில் உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். சுட்டது தெரியவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். பக்திக்கு நான் விரோதியல்லன். உணர்ச்சியற்ற பாதத்துக்குக் காலணி வேண்டும் என்பதைத் தெய்வம் பொறுத்துக்கொள்ளும்.

இத்தனையும் தேடிப் பார்த்தபின்பும், நால்வரில் ஒருவருக்கேனும் காரணம் அகப்படுவதில்லை. இதைச் சொல்ல மருத்துவர்கள் கூசக் கூடாது. 'உங்கள் நரம்பின் மெல்லிய இழைகள் பழுதுற்றிருக்கின்றன. ஏன் என்பது இன்றைய வித்தைக்கு எட்டவில்லை. எரிச்சலைக் குறைக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்ப்போம்' என்று சொன்னால் போதும். காரணமில்லை என்று சொல்லவும் கூடாது. காரணம் மனம்தான் என்று சொல்லவும் கூடாது. உறக்கமின்மை மனத்தை வாட்டுவது உண்மை. மனம் வாடினால் எரிச்சல் மிகுவதும் உண்மை. அதனால் எரிச்சலே மனத்தின் கற்பனை என்று ஆகிவிடாது.

எரிச்சலைத் தணிக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், கபாபென்டின், பிரிகாபலின் என்று சில உண்டு. முதலிரண்டும் மனச் சோர்வுக்காகவும், பின்னிரண்டும் வலிப்புக்காகவும் வந்த மருந்துகள். மகனோ மருமகளோ அவற்றின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, 'இது மனநோய் மாத்திரையாமே மாமா' என்று சொல்ல, நோயாளி அன்றோடு நிறுத்திவிடுகிறார். எத்தனையோ பேர் இப்படி நிறுத்தி, எத்தனையோ இரவுகளை வீணே இழந்திருக்கிறார்கள். மிகையாகக் கூவும் நரம்பின் ஓசையை அடக்குவதே அங்கு அம்மருந்துகளின் வேலை. இரவில் சிறு அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றி, பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்கவேண்டும். தலைசுற்றல், வாய் உலர்தல் வரலாம். வயதானவர்க்கு அமிட்ரிப்டிலினால் சிறுநீர்த் தடையும் வரலாம். வந்தால் சொல்லுங்கள், மாற்றலாம். திடீரென்று நிறுத்துவதுதான் கூடாது. எரிச்சல் அடியோடு மறையும் என்று நான் வாக்களிக்கமாட்டேன். பாதியாகக் குறைந்து, இரவில் ஐந்து மணி நேர உறக்கம் கிடைத்தால், அந்த மனிதர் மறுபடியும் மனிதராகிவிடுகிறார். அதைக் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. உறக்கம் வரும் வேளையில் கால்களுக்கு இரத்த ஓட்டம் மிகுந்து தோல் வெதுவெதுப்பாவதும், பகலின் பராக்குகள் ஓய்ந்துவிடுவதும் சேர்ந்தே இரவில் எரிச்சலைப் பெருக்குகின்றன. ஆகவே பாதங்களைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலியைக் கவிழ்த்து அதன்மேல் போர்வையை விரித்தால் துணி பாதத்தில் படாது. படுக்குமுன் குழாய்த் தண்ணீரில் சற்று நேரம் கழுவி, விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவலாம். குளிர்ந்த சிவப்புத் தரையில் பாதத்தைப் பதித்து உட்காரலாம், தடை இல்லை. பனிக்கட்டி மட்டும் வேண்டாம். விடியும்வரை தண்ணீரில் ஊறுவதும் வேண்டாம். போர்க்கைதிகளின் பாதங்கள் அப்படித்தான் ஊறி வெடித்துப் புண்ணாயின. மாலையில் நடப்பது நல்லது. நடந்தால் எரிச்சல் ஏறும் என்ற பயம் பெரும்பாலோர்க்கு ஆதாரமற்றது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. புண்ணுக்குக் கட்டு இருக்கும். காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கும். இந்த நோய்க்கு வெளியே காட்ட ஒன்றும் இல்லை. அதனாலேயே, 'உங்கய்யனுக்கு வேற வேலயில்ல, எப்பப் பாத்தாலும் கால் பாட்டுத்தான்' என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டவர் அதன்பின் சொல்வதை நிறுத்திவிடுவார், எரிச்சல் நிற்காது. இரவு இரண்டு மணிக்குத் தொட்டியருகே உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மனைவியைப் 'போய்ப் படு' என்றது கோபத்தினாலன்று. இன்னொருவர் உறக்கத்தையும் தாம் கெடுக்கிறோமே என்ற கூச்சம் அது. அவரிடம் ஆறு மாதம் கழித்து என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். அவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறிற்று. பி-12 மிகக் குறைந்திருந்தது. இரண்டையும் திருத்தி, இரவில் ஒரு சிறு மாத்திரையும் சேர்த்தபின் எரிச்சல் குறைந்தது, முழுதும் போகவில்லை. இன்னும் சில இரவுகளில் எழுகிறார். தொட்டிக்குப் போவதில்லை.

அடுத்த முறை நீங்கள் மருத்துவரிடம் போகும்போது, தின்னும் மாத்திரைகள் அத்தனையையும், நாட்டு மருந்து, விளம்பரம் பார்த்து வாங்கிய சத்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எரிச்சல் முதலில் எந்த விரலில் தொடங்கிற்று, எப்போது ஏறிற்று என்பதை உங்கள் சொல்லிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேளாவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்க நான் இன்று ஓர் இசைக்கவையும் நைலான் இழையும் கொண்டுவந்திருக்கிறேன். விரும்புகிறவர்கள் மேடையின் இடப்பக்கம் போட்டிருக்கும் பெஞ்சில் வந்து உட்காருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் முதலில் வரலாம். ஒவ்வொருவர் பாதத்தையும் பார்த்துவிட்டே நான் வீடு திரும்புவேன்.